ம் கொட்டாமல் முக்கால் மணி நேரம்

மூன்று மணி ஆறு நிமிஷம். இதுவரைக்கும் ஒரு ம் கூட என் வாயிலிருந்து விழவில்லை. மூன்றே முக்கால் வரைக்கும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் வரும்போதே ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வந்தேன், நாக்கு சுறுசுறுவென்று எரிகிறது, எரியட்டும், எரிகிற நாக்கு சும்மா இருக்கும். கண்ணை என்ன செய்வது. காலண்டரைப் பார். மளிகைக்கடைக் காலண்டர், வேளாங்கண்ணி மாதா, ஜனவரி, சனிக்கிழமை. ஜன்னலில் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை இன்னும் கழற்றவில்லை, ஒரு முனை கிழிந்து காற்றில் டப் டப் என்று அடித்துக்கொள்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஷெரின். பத்தாம் வகுப்பு. நான் எழுதிக் கொடுத்த ஐந்து கணக்குகளில் முதல் கணக்கை முடித்துவிட்டாள் போல, தாள் நகர்கிற சத்தம் கேட்டது, பார்க்கவில்லை, பார்த்தால் என் முகத்தில் தெரிந்துவிடும். திங்கட்கிழமை ரிவிஷன் பரீட்சை. அரையாண்டில் முப்பத்தொன்று வாங்கினாள், பாஸாக முப்பத்தைந்து வேண்டும், இந்த ரிவிஷனிலும் போனால் டுடோரியலில் சேர்த்துத் தனியாக எழுத வைத்துவிடுங்கள் என்று வகுப்பு டீச்சர் இவள் அம்மாவை, ஆக்னஸ் அக்காவை, கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தனியாக என்றால் இந்த யூனிஃபார்ம் கிடையாது, பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் கிடையாது, அடுத்த வருஷம் அதே பள்ளியில் ப்ளஸ் ஒன் கிடையாது. ஒரு ம் சொன்னால் என்ன ஆகிவிடும். ஒன்றே ஒன்று. இல்லை, கூடாது, ஆறு மாதமாகச் சொன்னதெல்லாம் போதாதா.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஜூனில் இந்தப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு முதல் தடவை வந்தபோது அவள் என்னிடம் பேசவேயில்லை, கணக்கு நோட்டை மேஜையில் வைத்துவிட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்ட மாதிரி தள்ளி நின்றாள். அவள் அப்பா சவரிராஜ் சார் ரயில்வே ஒர்க் ஷாப்பிலிருந்து வந்து பனியனோடு உட்கார்ந்து, “தம்பி, வகுப்புல அம்பத்தெட்டுப் பேரு. அதுல இவ எங்க இருக்கான்னு டீச்சருக்கே தெரியாது. நீங்க ஒத்தைக்கு ஒத்தை பாத்தா வந்துடுவா” என்றார். ஒத்தைக்கு ஒத்தை. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது, ஏதோ மல்யுத்தம் மாதிரி. நான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு பி.எட். இடத்துக்குக் காத்திருந்தேன், மற்றவர்கள் பத்துப் பேரை உட்கார வைத்து ட்யூஷன் எடுத்தார்கள், எனக்குப் பத்துப் பேர் முன்னால் குரல் வராது, ஒருத்தர் என்றால் வரும். வந்தது. முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன், அவளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு குறையும் இல்லை, ஏழாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்திருந்தாளாம், அந்த மாதத்தில்தான் வகுப்பில் குறை எண்கள் நடத்தியிருக்கிறார்கள். மூன்று வருஷமாகக் கழித்தல் குறி வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறாள். ஐம்பத்தெட்டில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தால் இன்னும் மூன்று வருஷம் யாருக்கும் தெரிந்திருக்காது. மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவர்கள் வீட்டு வாசல் பூஜ்யம், மொட்டைமாடிப் பக்கம் கூட்டல், கீழே சைக்கிள் நிற்கிற பக்கம் கழித்தல், மைனஸ் நாலில் நில்லு, அங்கேயிருந்து ஏழு ஏறு, எங்கே நிக்கிற? “பிளஸ் மூணுண்ணா!” என்று கத்தினாள், கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, படியேறி படியிறங்கி ஏதும் நேர்த்திக்கடனா?” என்றார், நாங்கள் சிரித்த சிரிப்பில் ஆக்னஸ் அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அதெல்லாம் நிஜம். அதெல்லாம் நான் செய்ததுதான், அதில் தப்பில்லை. ஒரு பிள்ளைக்கு எதிரே ஒருத்தன் உட்கார்ந்து அவள் எங்கே தடுக்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்கு வரும், வராமல் எங்கே போகும். ஜூலையில் மாதத் தேர்வில் நாற்பத்திரண்டு. தேர்வு இந்த மேஜையில் நான் வைத்தது. ஆகஸ்டில் ஐம்பத்தெட்டு. அதுவும் இந்த மேஜையில்தான். காலாண்டில் பள்ளியில் முப்பத்தேழு வந்தபோது ஆக்னஸ் அக்கா பாஸாகிவிட்டாளே என்று கேசரி கிண்டினார், நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன், இங்கே ஐம்பத்தெட்டு எடுக்கிறவள் அங்கே ஏன் முப்பத்தேழு என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லையே, நெய் வழிகிற தட்டோடு உட்கார்ந்திருந்தேனே.

ம். எங்கேயிருந்து வந்தது இந்தப் பழக்கம். எனக்குத் தெரியும் எங்கேயிருந்து என்று. என் தாத்தா கரூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டு கதை சொல்வார், நான் ம் கொட்ட வேண்டும். கொட்டினால்தான் கதை நகரும். கொட்டாவிட்டால் ராஜகுமாரி கிணற்றுக்குள் இறங்கினவள் இறங்கினபடியே நிற்பாள். சில நாள் நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்க, “அப்புறம் அந்த ராஜா ரவா தோசையைக் கல்யாணம் கட்டிக்கிட்டான்” என்பார், நான் தூக்கத்திலேயே ம் என்பேன், வயிறு குலுங்கச் சிரிப்பார். சொல்கிறவரை நகர்த்துவது கேட்கிறவனுடைய ம் தான் என்று எனக்கு எலும்புக்குள் ஏறிவிட்டது. போனில் பேசினாலும் ம், கண்டக்டர் சில்லறை இல்லை என்றாலும் ம், யார் என்ன சொன்னாலும் எனக்குத் தொண்டைக்குள் அது தயாராக இருக்கும். இங்கே இவள் கணக்குப் போடுகிறாள், சரியான வரி எழுதினால் ம், அடுத்தது சரி, ம், அதற்கடுத்தது தப்பு, சும்மா இருப்பேன். சும்மா இருப்பதுதான் கற்றுக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டேன், பார், நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே தப்பைக் கண்டுபிடிக்கிறாள், எவ்வளவு நல்ல வாத்தியார் நான். அவள் அழித்துவிட்டு வேறு எழுதுவாள், ம். ஒரு வார்த்தை சொல்லாமல் முழுக் கணக்கையும் நான்தான் போட்டிருக்கிறேன். மூன்று நாளைக்கு முன்னால் அரையாண்டு விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள், அப்போதுதான் பார்த்தேன். தப்பாக இருந்திருந்தால் பரவாயில்லை. எல்லாக் கணக்கிலும் முதல் வரி சரி. இரண்டாவது வரி சரி, அதை அடித்திருக்கிறாள். கீழே வேறு ஒன்று, அதையும் அடித்துவிட்டு மறுபடி முதலில் எழுதியதையே, அதையும் அடித்து. ஒவ்வொரு கணக்கும் நான் ம் சொல்கிற இடத்தில் வந்து நின்று, அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து, வராமல், இது தப்பு போலிருக்கிறது என்று அடித்து. பரீட்சை ஹாலில் மின்விசிறிச் சத்தத்தில் அவள் தலையைத் தூக்கி எதிரே பார்த்திருப்பாள், எதிரே வேறு ஏதோ பிள்ளையின் முதுகு இருந்திருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது என் உள்ளங்கை வேர்த்து சிவப்பு மை கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது, அன்று ராத்திரி சோறு பிசையும்போதும் போகவில்லை.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சவரிராஜ் சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “வீட்ல தண்ணி மாதிரி போடுற. அங்க போனா என்னடி வருது உனக்கு?” என்றார், அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார், அவள் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி நின்றாள், என்னைப் பார்த்தார், நான் என்ன சொன்னேன், “பரீட்சை பயம் சார்.” எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த வார்த்தை. அவர் அதைப் பிடித்துக்கொண்டார், ஆமா பயம், அவங்க பெரியம்மாவுக்கும் அப்படித்தான், இன்டர்வியூன்னா கை நடுங்கும். பயந்தாங்கொள்ளி என்று பரம்பரைக் கதையே ஒன்று தயாராகிவிட்டது பத்து நிமிஷத்தில், அவள் அதை ஃபிரிட்ஜைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆக்னஸ் அக்கா அவளைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஃபாதரிடம் மந்திரித்த எண்ணெய் வாங்கி நெற்றியில் பூசிவிட்டார். “பயம் தெளியணும்ல தம்பி.” நேற்று வந்தபோது அந்த எண்ணெய் நெற்றியில் மினுமினுத்தது, அதைப் பார்த்துக்கொண்டே நான் இருபடிச் சமன்பாடு நடத்தினேன். இல்லாத வியாதிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வியாதி எதிர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றா, அதுவும்தான். அதைவிட, அந்தப் படிக்கட்டு, அந்தச் சிரிப்பு, அதெல்லாம் சேர்ந்து பொய்யாகிவிடும் என்று. ஒத்தைக்கு ஒத்தை பார்த்தால் வந்துவிடுவாள் என்று ஒருத்தர் நம்பிக் கொடுத்த பிள்ளை, வந்தாள், என் முகத்துக்கு எதிரே மட்டும் வந்தாள். மூன்றே கால். கிராம்பு மெத்தென்று ஆகிவிட்டது.

சத்தமே இல்லை. பேனா நின்றுவிட்டது. பார்க்காதே. எந்தக் கணக்கு, ரயில் கணக்காகத்தான் இருக்கும், முந்நூறு கிலோமீட்டர் போகிற ரயில், மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம் கூட்டினால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும், பழைய வேகம் என்ன. அறுபது, ஐம்பது என்று பிரிப்பது வரை வந்துவிடுவாள், அதில் எதற்குக் கூட்டல், எதற்குக் கழித்தல் என்கிற இடத்தில்தான் நிற்பாள். அந்த இடத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, பேனா முனையை அறுபதுக்கு முன்னால் கொண்டுபோய்க் காகிதத்தில் படாமல் அந்தரத்தில் ஒரு கூட்டல் குறி போட்டுக் காட்டுவாள், காட்டிவிட்டு இமையை மட்டும் தூக்குவாள். இப்போது தூக்கியிருக்கிறாள், என் கன்னத்தில் தெரிகிறது, வெயில் படுகிற மாதிரி. மாதா, மளிகைக்கடை, தொலைபேசி எண் கடைசியில் நாலு நாலு ஏழு. “அண்ணா.” பதில் சொல்லாதே. “அண்ணா, வயித்து வலியா?” இல்லை என்று தலையாட்டினேன். “அப்புறம் ஏன் காலண்டரையே பாக்குறீங்க? முகூர்த்த நாள் ஏதாச்சும் தேடுறீங்களா? பொண்ணு பாத்தாச்சா?” சிரிப்பு வந்தது, கிராம்பைக் கடித்துவிட்டேன், காரம் காது வரை போனது. “எழுது ஷெரின். இது பரீட்சை.” “கோவமா இருக்கீங்க.” “இல்ல.” “தப்பா போட்டிருக்கேனா?” பேசாமல் இருந்தேன். இதுதான், பரீட்சை ஹாலில் இப்படித்தான் இருக்கும், பழகட்டும், நல்லதுக்குத்தான். அப்போது கேட்டது, சரக் என்று ஒரே கோடு, அழுத்தி. பார்த்துவிட்டேன். தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனாலும் தெரிந்தது, எக்ஸ் கூட்டல் அறுபது, எக்ஸ் கழித்தல் ஐம்பது, அச்சடித்த மாதிரி எழுதிய சரியான வரி, அதன் குறுக்கே கோடு. நான் பேசாமல் இருந்ததால் போட்ட கோடு. பேசினாலும் நான்தான் எழுதுகிறேன், பேசாவிட்டாலும் நான்தான் அடிக்கிறேன்.

“அது சரி ஷெரின்” என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன், “நீ அடிச்சியே, அந்த வரி. சரியாத்தான் போட்டிருந்த. நான் ம் சொல்லலைன்னு அடிச்சிட்ட.” அவள் பேனாவை வைத்தாள். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது, கிராம்பைக் கையில் துப்பிவிட்டு வரிசையில்லாமல் சொன்னேன், விடைத்தாளில் எங்கெங்கே அடித்திருந்தாள் என்று, நான் எங்கெங்கே ம் சொல்வேன் என்று, உனக்குப் பயமெல்லாம் ஒன்றும் கிடையாது, அப்பாகிட்ட நான் சொன்னது பொய், என் தப்பை மறைக்கச் சொன்னது, உனக்கு மூளை இல்லைன்னு நீ நெனைச்சிருந்தா. அவள் குறுக்கே, “தெரியும்ண்ணா” என்றாள். என்ன தெரியும்? “உங்க மூஞ்சி. ஜூலைலேர்ந்தே தெரியும். சரியா போட்டா ம் வரும். ரொம்ப சரியா போட்டா வலது புருவம் ஏறும். தப்புன்னா மூக்கைத் தொடுவீங்க. அரைகுறைன்னா டீ டம்ளரைத் தேடுவீங்க, டம்ளர் காலியா இருந்தாலும்.” நான் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தேன், கையை இறக்கினேன். அவள் சிரிக்கவில்லை. மேஜைத் துணியில் இருந்த ஒரு கிழிசலை நகத்தால் நோண்டிக்கொண்டே பேசினாள். “நான்தான் உங்களை ஏமாத்துறேன்னு நெனைச்சுட்டு இருந்தேன். நீங்க பாவம், நல்லா நடத்துறேன்னு சந்தோஷமா இருக்கீங்க, நான் பாத்துப் பாத்துப் போடுறேன். கிறிஸ்மஸுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்.” என்னது? “ஃபாதர்கிட்ட. காப்பி அடிக்கிறேன் ஃபாதர்னேன். யாரு பேப்பரைப் பாத்தும்மா அடிச்சன்னாரு. பேப்பர் இல்ல ஃபாதர், ட்யூஷன் அண்ணனோட மூஞ்சின்னேன். அப்புறம் இருமுனாரு, சிரிச்சாருன்னு நெனைக்கிறேன். மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு, இனிமே பாக்காதேன்னாரு. சொன்னேன். ஆனா எதிர்க்க இருக்கறதை எப்படிண்ணா பாக்காம இருக்கறது? நீங்க என்ன மூஞ்சியைச் செருப்புகூடக் கழட்டி வெளிய விட்டுட்டா வர்றீங்க?” பரீட்சைக்கு அப்புறம், மார்க் வருவதற்கு முன்னாலேயே, என் பாவத்துக்கு அவள் முழங்கால் போட்டிருக்கிறாள். வரிசையில் நின்று, முக்காடு போட்டு, முறை வந்ததும் உள்ளே போய். நான் அந்தக் கிறிஸ்மஸுக்கு இவர்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டேன். மன்னிச்சிடு என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதைச் சொன்னால் பரவாயில்லண்ணா என்று அவள் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் அவள் தலையில் வைக்க வேண்டுமா என்று மூடிக்கொண்டேன். மூன்று இருபத்தெட்டு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை என் முகத்தில் எதையும் தேடுகிற மாதிரி இல்லை, ஒரு சாமானை எங்கே நகர்த்தி வைப்பது என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. “அண்ணா, பால்கனில போய் நில்லுங்க” என்றாள்.

நிற்கிறேன். கதவைச் சாத்திவிட்டாள், முழுக்கச் சாத்தவில்லை, ஒரு கை அகலம். எதிர் குவார்ட்டர்ஸ் மாடியில் பெட்ஷீட் காய்கிறது, கீழே பையன்கள் டென்னிஸ் பந்தில் அவுட்டா இல்லையா என்று கத்துகிறார்கள். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, அறுபதுக்கு என்ன குறி போட்டாளோ, மைனஸ் அறுபதையும் வேகம் என்று எழுதிவிட்டாளோ, எட்டிப் பார்த்தால் தெரியும், எட்டிப் பார்க்க ஒரு கை அகலம் இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இந்த மாதிரி ஒரு ஆள் வெளியே நிற்பது அவளுக்கு என்ன உபயோகம், போய்விடலாம், போய்விட்டால் அதுவும் தப்பித்துக்கொள்வதுதானே. உள்ளே அவள் ஏதோ முணுமுணுக்கிறாள். அவள் குரலில் வாசிப்பதைக் கேட்டால் தொண்டைக்குள் அது எழும்புகிறது, விழுங்கினேன், காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன், கீழே பந்து வீசப் போன பையன் என்னைப் பார்த்து நின்றுவிட்டான். சமையலறைப் பக்கக் கதவு வழியாக ஆக்னஸ் அக்கா டீயோடு வந்தார். “என்ன தம்பி, வெளிய நிக்குறீங்க? காது வலியா? உள்ள ரெண்டு பேருக்கும் சண்டையா?” “பரீட்சை வச்சிருக்கேங்க்கா.” “எப்படிப் போடுறா?” எவ்வளவு தடவை இந்தக் கேள்விக்கு நல்லாப் போடுறாக்கா என்று சொல்லியிருப்பேன். “தெரியலக்கா” என்றேன். அக்கா டம்ளரை நீட்டியபடியே நின்றார். கதவு திறந்தது. ஷெரின் தாளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள், எழுத்துப் பக்கம் அவள் மேல், வெள்ளைப் பக்கம் எங்கள் மேல். “முடிச்சிட்டேன்மா.” “அண்ணன்கிட்ட குடு, சரியான்னு பாக்கட்டும்.” “அவரு பாக்க வேணாம். நான் பாத்துட்டேன்.” “நீ பாத்தா ஆச்சாடி?” “அம்பதுல போனா ஆறு மணி நேரம். அறுபதுல போனா அஞ்சு மணி நேரம். ஒரு மணி நேரம் முன்னாடி போயிடும்மா, அவ்வளவுதான். நம்பலைன்னா அப்பா வந்ததும் அவர்கிட்ட கேளு, ரயில்காரர்தானே.” தாளை மடித்துப் பாவாடை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்கு உள்ளே போய்விட்டாள், நான் நிற்கிற பக்கம் திரும்பவே இல்லை. ஆக்னஸ் அக்காதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் தலையை ஆட்டுவதற்காக, பயம் தெளிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை கேட்பதற்காக, கண்ணெல்லாம் திறந்து. “அக்கா” என்றேன், “டீயைக் கீழ வைங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”